முழுச் சுமை

ஆய்வகத்தில் அவளுக்கு 'டமால்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதுநிலைப் பொறியியல் பட்டத்துக்காக அவள் செய்துகொண்டிருந்தது ஒரு இன்வெர்ட்டர். பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வாங்கிப் பெரிய மோட்டாரை ஓட்டும் கருவி. பாதிச் சுமை வரைக்கும் சாதுவாக ஓடும். அதற்கு மேல் ஏற்றினால் டிரான்சிஸ்டர் வெடித்துப் புகை கிளம்பும். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

பல வருடம் மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்து, மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு படிக்க வந்தவள். மற்ற மாணவர்கள் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள், வெடிக்கிற நாள் தவிர.

கடைசிப் பருவத்தின் நடுவில் பேராசிரியை அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"உக்காரும்மா. கம்ப்யூட்டர்ல நீ ஓட்டிப் பார்த்ததெல்லாம் அருமையா வந்திருக்கு. அதை மட்டும் எழுதிக் கொடு, பட்டம் கிடைச்சிடும். எதுக்கு இந்தப் பாடு?"

"கம்ப்யூட்டர்ல ஓடுனா ஆச்சா மேடம்? நிஜத்துல ஓடணும்."

"ஓடலைன்னா?"

"ஏன் ஓடலைன்னு எழுதறேன்."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிடிவாதக்காரி. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரு. அப்புறம் நான் சொல்றதைக் கேக்கணும்."

வீட்டில் கணவன் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். அவன் மருத்துவமனையில் நர்ஸ். முகம் பார்த்தே நோய் சொல்கிறவன்.

"இன்னிக்கும் புகையா?"

"ம்."

"கை விரல் எல்லாம் பத்திரமா இருக்கில்ல? அப்ப வா, சாப்பிடலாம்."

மகள் கவலையோடு கேட்டாள்: "இப்படி எல்லாத்தையும் உடைச்சா உங்க மிஸ் திட்டமாட்டாங்களா, அம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு.

மறுநாளிலிருந்து புது டிரான்சிஸ்டர் மாட்டி மாட்டி எரிப்பதை நிறுத்தினாள். மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடவிட்டு, மின்னலைகளைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரான்சிஸ்டரை இயக்கி அணைக்கும் ஆணைப் பலகையின் கோட்டில், மின்னோட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் ஊசிபோல ஒரு துடிப்பு எழுந்தது. எங்கிருந்து வருகிறது? பலகையை மாற்றினாள், பேட்டரியை மாற்றினாள். துடிப்பு அசையவில்லை.

ஒரு காலை, ஆணைப் பலகையிலிருந்து டிரான்சிஸ்டருக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் பிளாஸ்டிக் இடுக்கியால் சேர்த்து அழுத்தினாள். துடிப்பு பாதியாகக் குறைந்தது. விட்டாள், எழுந்தது. அழுத்தினாள், படுத்தது.

"அடப்பாவி!" என்று கத்திவிட்டாள்.

சூடு தாக்கக்கூடாதென்று ஆணைப் பலகையை ஒரு சாண் தள்ளி வைத்திருந்தது அவளேதான். சுமை ஏற ஏற, இடைவெளி விட்டுக் கிடந்த அந்த ஒரு சாண் கம்பிகள் பக்கத்துப் பெரிய மின்னோட்டத்தின் மின் இரைச்சலை வாங்கி, அணைந்திருக்க வேண்டிய டிரான்சிஸ்டரைத் தட்டி எழுப்பியிருக்கின்றன. வெடிக்காமல் என்ன செய்யும்? புதிய பலகை வரைந்து, டிரான்சிஸ்டரின் தலைமேலேயே உட்காரவைத்தாள். இடையில் கம்பியே கிடையாது.

சோதனையன்று மாணவர்கள் எல்லாரும் தடுப்புக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்கள். "அக்கா, காதைப் பொத்திக்கவா?" என்றான் ஒருவன்.

"உன் இஷ்டம்" என்று சுமையை ஏற்றினாள். பாதி. வழக்கமாக வெடிக்கும் இடம் வந்தது, போயிற்று. முக்கால். முழுச் சுமை. மோட்டார் ஒரே சுருதியில் பாடியது. காதைப் பொத்தியிருந்தவன் கையை எடுத்துத் தட்டத் தொடங்க, அறையே சேர்ந்து தட்டியது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் லேசில் மசிகிற ஆள் இல்லை. ஆய்வகத்துக்கே வந்து, ஓடும் மோட்டாரைச் சுற்றி நடந்தார்.

"இதுக்கு மேல ஏத்துவீங்களா?"

பேராசிரியையின் முகம் வெளுத்தது. அவள் மட்டும் அசரவில்லை. "ஏத்தறேன் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க." மீட்டரின் முள் முழுச் சுமையைத் தாண்டி நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. மோட்டார் உறுமியது, இன்வெர்ட்டர் கம்மென்று இருந்தது.

"போதும், போதும்மா! நம்பறேன்!" என்று தேர்வாளர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

அரை மணி கழித்துப் பேராசிரியை கதவைத் திறந்துகொண்டு வந்தார். "ஒரு திருத்தம்கூட இல்லை. பாஸ்! இப்படி ஒரு ஆய்வைக் கையால தொட்டுப் பார்த்து நாளாச்சுன்னார் தேர்வாளர். பிஎச்டிக்கு என்கிட்டயே இருந்துடு. நான் சொன்ன அந்தக் கம்ப்யூட்டர் பேச்சை மட்டும் மறந்துடு."

அவள் தாழ்வாரத்துக்கு ஓடி கணவனை அழைத்தாள். அவன் வார்டில் இருந்தான்.

"ஏங்க, ஜெயிச்சுட்டேன்!"

உடனே, "என் பொண்டாட்டி இன்ஜினியரிங்ல ஜெயிச்சுட்டா!" என்று அவன் வார்டுக்கே அறிவிப்பது கேட்டது. அவள் யாரென்றே தெரியாத நோயாளிகளின் கைதட்டல், போன் வழியாக அவள் காதை நிறைத்தது.