எருக்குழி ஓரத்து மண்

என் புருஷன் பச்சமுத்து ஒரு பொட்டலம் மண்ணால் எங்கள் நெல்லைக் கெடுத்தார். கேட்டால் உங்களுக்கே வயிறு எரியும்.

அறுபத்தாறாம் வருஷம், சம்பாப் பட்டம். சிங்கவரத்தில் எங்களுக்கு இருப்பது ஒரே ஏக்கர். நட்டு ஒரு மாதத்தில் பயிர் மஞ்சள் பூத்துவிட்டது. செஞ்சி சொசைட்டியில் வெள்ளை உரம் கொஞ்சம்தான் வந்திருந்தது. பரிசோதனைக்கு மண் அனுப்பியவர்களில் யார் மண்ணில் சத்து இல்லையோ, அவர்களுக்குத்தான் மூட்டை என்றார்கள். இவர் ஆடியிலேயே மண் அனுப்பியிருந்தார். அந்த நம்பிக்கையில் நானும் கூடவே பஸ் ஏறினேன்.

சொசைட்டி எழுத்தர் பாண்டுரங்கன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காகிதத்தைப் படித்தார்.

"கரிச்சத்து மிகுதி. தழைச்சத்து மிகுதி. உங்களுக்கு உரமே வேணாம்மா."

"கரின்னா? அடுப்புக் கரியா?"

"இல்லம்மா. தழை, வேரு, சாணி எல்லாம் மக்கி மண்ணோட சேர்ந்துபோனது. மண்ணுல இருக்கிற புழு பூச்சி அதைத் தின்னாத்தான் பயிருக்குச் சோறு. உங்க மண்ணுல அது ரொம்ப இருக்குது."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"பயிரு காமாலை வந்தாப்பல நிக்குது, ரொம்ப இருக்குதாம். உங்க மிஷினு பொய் சொல்லுது சார்."

வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அந்த மனுஷர் முகம் சுண்டிப்போயிற்று. இவர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். பஸ் நிற்கும் புளியமரத்தடிக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அது வயல் மண்ணு இல்ல. எருக்குழி ஓரமா எடுத்தேன்."

"ஏன்யா?"

"சர்க்காரு பாக்கப்போற மண்ணு. நம்ம வயலு வெளுத்துக் கெடக்குது. அதைப் போயி எப்படி அனுப்பறது? அசிங்கமா இருந்துச்சு."

"டாக்டருகிட்டப் போயி பக்கத்து வீட்டுக்காரன் நாக்க நீட்டிட்டு வந்திருக்கிற. தை மாசம் உன் கௌரவத்தையா வடிச்சுக் கொட்டறது?"

சிங்கவரம் வரும்வரை திட்டினேன். இறங்கியும் திட்டினேன். வீட்டு வாசலில் அவர் நின்று திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"வயலு ஏன் வெளுத்துச்சு? மூணு வருசமா ஒரு கூடை எரு போச்சா? குழியில அடியில கெடக்கிறது பழசு. புதுச் சாணியெல்லாம் எங்க போவுது?"

கையைச் சுவர்ப் பக்கம் காட்டினார். சுவர் முழுக்க வறட்டி, ஒவ்வொன்றிலும் என் ஐந்து விரல். கடைத்தெரு ஓட்டல் அடுப்புக்காக நான் தட்டியவை. மாடு தின்றது போக மீந்த வைக்கோலை விற்றதும் நான்தான். அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

மறுபடி மண் அனுப்பிப் பதில் வர இரண்டு மாதம் ஆகும். பயிர் அதுவரை நிற்காது. மண்வெட்டியை எடுத்துக் குழியில் இறங்கினேன். காகிதம் புகழ்ந்த அந்தக் கறுப்பு மண்ணை மூன்று நாள் நான் வெட்ட, அவர் சுமந்து வயலில் இறைத்தார். அந்தப் போகம் பாதியாவது தேறுமா என்று தெரியவில்லை. நான்காம் நாள் சுவரிலிருந்த வறட்டியையெல்லாம் பெயர்த்துக் காலிக் குழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

அன்று சாயங்காலம் ஓட்டல்கார விநாயகம் சைக்கிளில் சாக்கோடு வந்தார். வெறும் சுவரைப் பார்த்தார்.

"இன்னாம்மா ராஜாம்பா, வறட்டி எங்க?"

"இனிமே கெடையாது."

"திடீர்னு சொன்னா எப்படி? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

பாவம், அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. ஆனாலும் சைக்கிளில் இருந்த சாக்கைப் பிடுங்கி அவர் கையிலேயே திணித்தேன்.

"மூணு வருசமா என் வயல எரிச்சுத்தான்யா நீ இட்லி அவிச்சிருக்கிற. நான்தான் எடுத்து எடுத்துக் குடுத்தேன். போ."