பத்து தசம் ஆறு

காலை பத்தேகாலுக்கு மீற்றரில் பத்து தசம் ஆறு என்று விழுந்தது, விழுந்த எண் அங்கேயே நின்றது, பிழையாக இருக்கும், புதுச் சாமான், தபாலில் வந்தது, வழியில் எங்கேயாவது அடிபட்டிருக்கும்... ஜெயசுதன் காலை ஒரே அளவில் அழுத்தியபடி மொறிஸ் மைனரைச் சாவகச்சேரியிலிருந்து கைதடிப் பக்கமாக விட்டான். பக்கத்து இருக்கையில் தயாளினி, மடியில் கொப்பியோடு, எண்ணை வாய்விட்டு வாசித்து எழுதிக்கொண்டு வந்தாள். பின் இருக்கையில் அவளுடைய தகப்பன் கனகரத்தினம், வண்டியின் சொந்தக்காரர், தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், வெளியே பார்த்தபடி. பத்து தசம் ஆறு, பத்து தசம் ஐந்து, திரும்பவும் ஆறு. ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதுதான் அந்த எண், பதின்மூன்று, பதினான்கில் நிற்கவேண்டியது. புகைக்குழாயில் அவனே துளை போட்டு அவனே பூட்டிய வைட்பாண்ட் சென்சர், புகையை முகர்ந்து சொல்கிறது, பெற்றோல் கூட, மிகக் கூட. குழாயில் எங்கேனும் கசிவு இருந்தால்? இருந்தால் வெளிக்காற்று புகுந்து எண் ஏறும், இறங்காது, அது அவனுக்குத் தெரியும். விடிய சென்சரைக் கழற்றி வெறும் காற்றில் பிடித்தும் பார்த்தான், ஒழுங்காகத்தான் காட்டியது. இனி எதில் பிழை பிடிப்பது? அண்ணை, இது நல்லதோ கூடாதோ என்று தயாளினி கேட்டாள். கொஞ்சம் கூட எரிக்குது பிள்ளை என்றான். கொஞ்சம்.

இந்த வண்டிக்குக் கலவை வைத்தது யார், அவன்தான், பதினைந்து வருஷமாக அவன்தான், காதால். அவனுடைய காதுக்கு ஒரு பேர் இருந்தது, கரவெட்டியிலிருந்துகூட அந்தக் காதை நம்பி வண்டி கொண்டுவந்தார்கள். காற்றோடு பெற்றோலைக் கலக்கும் காபரேற்றரின் அடியில் இருக்கும் நட்டில் சாவியைப் போட்டுத் தலையைச் சரிப்பான், நிற்கிற ஆட்கள் கதையை நிறுத்திவிடுவார்கள், சத்தம் குழைந்து வரும்வரை நட்டை இறக்குவான், இப்ப பாருங்கோ, பால் மாதிரி, என்பான். எங்கே பழகிய காது அது? யுத்தத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில், பதினாறு வயதில், பெற்றோல் சின்னப் போத்தலில் கிளப்புவதற்கு மட்டும், ஓடுவது முழுக்க மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெயை அளவாக விட்டால் இயந்திரம் இருமும், இழுக்காது, நட்டை நன்றாக இறக்கிக் கூட விடவேண்டும், அப்போது ஒரு தடித்த சத்தம் வரும், அந்தச் சத்தம் வந்தால் வண்டி வீடுபோய்ச் சேரும். அதுதான் நல்ல சத்தம் என்று பதிந்துவிட்டது. பிறகு பாதை திறந்தது, பெற்றோல் வந்தது, காது மட்டும் மண்ணெண்ணெயிலேயே நின்றுவிட்டது... பிளக்குகள் கரி பிடித்து வந்தபோது என்ன சொன்னான்? பெற்றோலில் கலப்படம் என்றான். எல்லோரும் ஓம் என்றார்கள். எத்தனை வண்டி, எத்தனை பேர், எண்ண வேண்டாம், இந்த ஒன்று போதும்.

ஏனென்றால் முன்னால் நாவற்குழிப் பாலம் தெரியத் தொடங்கிவிட்டது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற அந்த வருஷம், கனகரத்தினம் இரண்டு நாள் நின்று பிடித்த எண்ணெயில் மனைவி சிவகௌரியை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார், போய்வரக் காணும் என்று தெரிந்துதான் போனார், திரும்பும்போது பாலத்தடியில் வண்டி நின்றுவிட்டது, தொட்டி காய்ந்து. ஜெயசுதன் மோட்டார் சைக்கிளில் வந்தான். வலையோடு நின்றவர்கள், சின்ன உழவு இயந்திரத்தில் வைக்கோல் ஏற்றிவந்த லான்ட்மாஸ்ரர்காரன், ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். போன கிழமைதானே தம்பி நீர் ரியூன் பண்ணித் தந்தது என்று கனகரத்தினம் கேட்டார், குறையாகக்கூடக் கேட்கவில்லை, யோசனையாகத்தான் கேட்டார். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். சோக் என்பது ஆறிக்கிடக்கும் இயந்திரத்தைக் கிளப்பப் பெற்றோலைக் கூட விடும் பிடி, அதை உள்ளே தள்ள மறந்து ஓடினால் தொட்டி வற்றிவிடும். அவன் வாய்க்கு அதுதான் வந்தது.

"ஐயா, நீங்கள் சோக்கை இழுத்த இழுவையிலை ஓடியிருக்கிறியள். வண்டியிலை ஒரு பிழையும் இல்லை."

"பென்சன் எடுத்தவுடனை ஞாபகத்தையும் குடுத்திட்டார் போலை" என்றான் லான்ட்மாஸ்ரர்காரன். சிரித்தார்கள். அவனும் சிரித்தான், சிரித்தானா, ஓம், சிரித்தான். சிவகௌரி அம்மா மட்டும் சிரிக்காமல், இப்ப கொஞ்ச நாளாய் இவருக்கு மறதிதான் என்று பின் இருக்கையிலிருந்து சொன்னார். நான் தள்ளினனான் என்று கனகரத்தினம் ஒரு தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொல்லவில்லை. அந்தக் கதை வீட்டுக்குப் போய், கனடாவில் மகனுக்குப் போய், கொழும்பில் தயாளினிக்குப் போய், வண்டியின் திறப்பு அலுமாரிக்குள் போனது. மூன்று வருஷமாக அவர் ஸ்ரியறிங் தொடவில்லை. அடுப்பை நிற்பாட்டினேனா என்று எழும்பிப் போய்ப் பார்ப்பாராம், படலையைப் பூட்டிவிட்டுப் பாதி ஒழுங்கையில் திரும்பி வருவாராம். போன மாசியில் சிவகௌரி அம்மாவும் போய்விட்டார். வண்டியைச் சண்டிலிப்பாய்க்காரன் ஒருவன் லண்டனிலிருந்து விலைக்குக் கேட்கிறான், காதை நம்பமாட்டேன், எண்ணைக் காட்டுங்கோ என்று இந்தச் சென்சரை அனுப்பியவனும் அவன்தான். வண்டி போனதும் வீட்டைப் பூட்டி அப்பாவைக் கொழும்புக்குக் கொண்டுபோகப்போவதாகத் தயாளினி விடிய கராச்சில் சொன்னாள், தனிய விட ஏலாது அண்ணை, எல்லாம் மறக்கிறார். அவர் பக்கத்தில்தான் நின்றார். தன்னைப் பற்றிய கதை இல்லை என்பதுபோல நின்றார்.

பாலத்துக்கு இப்பால் வேலிக்கரையில் நிறுத்தி, பொனற்றைத் திறந்து, நட்டை மேலே ஏற்றினான், ஒரு முகம், இரண்டு முகம், ஆறு முகமும் சுற்றி ஒரு முழுச் சுற்று, கை கூசியது. கொஞ்சத் தூரம் ஓடினான், பதினொன்று தசம் எட்டு. திரும்பவும் இறங்கினான், திரும்பவும் ஏற்றினான், வண்டியைச் சாவகச்சேரிப் பக்கம் திருப்பி ஓடினான். பதின்மூன்று தசம் ஐந்து. சத்தம் மெலிந்து, காய்ந்து, அவனுடைய காதுக்கு நோயாளியின் மூச்சுப்போல இருந்தது, ஆனால் வண்டி பாரம் இறக்கியதுபோலப் போகிறது, மிதிக்க முதலே போகிறது. பதின்மூன்று தசம் ஆறு என்று வாசித்தாள் தயாளினி, சந்தோஷமாக, பிறகு, அப்ப இவ்வளவு நாளும் இதைப் பிழையாய்ச் செற் பண்ணி வைச்சது ஆர் அண்ணை, என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள். அவன் கியரை மாற்றினான், மாற்றத் தேவையில்லாத இடத்தில் மாற்றினான். பின்னாலிருந்து கனகரத்தினம் சொன்னார்.

"பழைய வண்டி, பிள்ளை. ஓட ஓட உந்த நட்டு தானாய் இறங்கும்."

தானாக இறங்காது. இறங்காமல் பிடிக்கத்தான் நட்டுக்கு மேலே ஒரு சுருள்வில் இருக்கிறது, அது அவருக்கும் தெரியும், நாற்பது வருஷம் வண்டி வைத்திருந்தவருக்குத் தெரியாதா... தெரிந்தா சொல்கிறார், மறந்தா சொல்கிறார்? மறந்துதான் என்றால் எவ்வளவு லேசாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தான், நினைத்ததும் காது மடல் சுட்டது. கண்ணாடியில் அவருடைய முகம் தெரிந்தது, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் இந்த எண் எனக்குத் தெரியாது, காது பிழைத்தது, அறியாமல் செய்தது, யார்தான் அறிந்தார்கள்... இதைச் சொல்லலாம், சொன்னால் பிள்ளை அதுக்கென்ன அண்ணை என்பாள். ஆனால் அன்றைக்கு, பொனற்றைத் திறக்க முதல், யன்னலால் கையை விட்டு அந்தச் சோக்குப் பிடியைத் தொட்டானே. தள்ளுவதற்கென்று தொட்டான், தள்ள இடமில்லை. விரலில் ஒட்டிய தூசுகூட நினைவிருக்கிறது. பிறகுதான் நிமிர்ந்தான், ஆட்களைப் பார்த்தான், பிறகுதான் சொன்னான். காது அறியாமல் இருந்திருக்கலாம், விரல்? இந்த எண் இல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது, மூன்று வருஷமும், அவருடைய வீட்டுப் படலையைக் கடந்து போன ஒவ்வொரு தரமும்... இப்போது சொல்வது அவருக்காகவா, தன் நெஞ்சு ஆறுவதற்காகவா, அது விளங்கவில்லை, விளங்கும்வரை பார்த்திருந்தால் கைதடி வந்துவிடும், பிறகு சாவகச்சேரி வந்துவிடும். தயாளினி கொப்பியை மூடினாள். அவன் வேகத்தைக் குறைத்தான், இருவருக்கும் கேட்கட்டும் என்று.

"ஐயா, அண்டைக்குச் சோக் உள்ளைதான் கிடந்தது."