அறைக்குள் இருந்து ஒரு குரல்

ஹியூபேட் இரண்டு கை விரல்களாலும் ஒரு சட்டம் கட்டி, அதை யோகநாதனின் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதுதான் எனக்கு வேணும். ஸ்கிரீன் முழுக்க இந்த முகம். மத்ததெல்லாம் தேவையில்ல." கௌரியின் வெள்ளவத்தை வீட்டு முன்னறையில், ஒத்திகைக்காகச் சுவரோரம் ஒதுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே நின்ற யோகநாதன் சிரிக்கப் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது.

கொலன்னாவையில் இயக்கத்தின் குண்டுத் தாக்குதலில் எண்ணெய்க் குதங்கள் எரிந்ததற்கு அடுத்த வருஷம் அது. ஊரெல்லாம் ஷெல்லுக்குப் பயந்து வெளிக்கிட, வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு கிழவனைப் பற்றிக் கௌரி எழுதி, யோகநாதன் பொய்த்தாடியோடு நடித்த நாடகத்தை, தொலைக்காட்சித் தயாரிப்பாளரான ஹியூபேட் மேடையில் பார்த்துவிட்டு, அரைமணி நேரத்துக்குச் சுருக்கித் தரச் சொல்லியிருந்தார். மேலிடம் விடாது என்பதால் ஷெல்லை எடுத்துவிட்டு வெள்ளத்தைப் போட்டிருந்தாள். எழுதும்போது கை கூசியது. ஆனாலும் இத்தனை காலம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் கோயில் மண்டபத்துக்கும் எழுதியவளின் பெயர் முதன்முதலாக வீடுவீடாகப் போகப்போகிறது. அந்த ஆசையை அவளால் மறைக்க முடியவில்லை.

"பொய்த்தாடி கமராவுக்குச் சரிவராது டீச்சர். கிழவனை இளந்தகப்பனாக்கிப் போடுங்க. இவன்ட கண்ணே போதும்" என்று சொல்லிவிட்டு ஹியூபேட் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் பிடிக்கப் போனார்.

யோகநாதன் போகவில்லை. கீழ்வீட்டு ருக்கியா உம்மாவிடம் அறை எடுத்துத் தங்கி, காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலைசெய்பவன் அவன். கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, தாடி இருந்தபடியாத்தான் நான் மேடையில ஏறினனான்."

"ஏன், என்ன?"

"நான் இயக்கத்தில இருந்து சொல்லாமல் ஓடிவந்தனான். அவையும் டீவி பாப்பினம். பொலிசும் பாக்கும். வேற ஆரையும் போடுங்கோ."

கௌரி முதலில் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினாள். பரிதாபம் அதற்குப் பிறகுதான் வந்தது. தெரியாமல் இருந்தவரை அவள் நாடகம் எழுதும் ஆசிரியை. இனி, தெரிந்தும் பொலிசுக்குச் சொல்லாதவள். அன்றிலிருந்து படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். வேறு ஒருவனைப் போட்டிருக்கலாம். ஆனால் தகப்பனின் கடைசி வசனத்தை யோகநாதனைப்போலச் சொல்ல ஆளில்லை. ஆசை, பயத்தைவிட ஒரு பிடி கூடுதலாக இருந்தது.

தகப்பன் அறையைவிட்டு வெளியே வராதபடி மாற்றி எழுதினாள். கமரா வெளியே நிற்கும் மகளின் முகத்திலேயே இருக்கும். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து தகப்பனின் குரல் வரும். ஹியூபேட் வாசித்துவிட்டு மேசையில் தட்டினார். "மேடையைவிட இது நல்லாயிருக்கே!" நாடக முடிவில் பெயர்கள் ஓடும் எழுத்தோட்டத்தில் யோகநாதனின் பெயரையும் போடவில்லை. ஒளிப்பதிவன்று பலகைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் இருந்தபடி அவன் பேசினான். ஒரு கமராவும் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துக் கௌரி அதுவரை கண்டதில்லை.

ஒளிபரப்பான சாயங்காலம் ருக்கியா உம்மா ஒரு தட்டில் வட்டிலப்பத்தோடு மேலே வந்துவிட்டார். மூன்றுபேருமாக டீவி முன்னால் இருந்தார்கள். திரையில் மகள் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது: "தண்ணி வரட்டும் பிள்ளை. நான் கட்டின வீடு, என்னைத் தெரியாதெண்டு சொல்லாது."

"அல்லாவே, இது நம்மட யோகன்ட கொரல்தானே!" ருக்கியா உம்மா கைதட்டினார். "மொகத்தக் காட்டாட்டி என்ன, ஒரு சொல்லுலயே வெளங்குதே!"

கௌரி திரும்பி யோகநாதனைப் பார்த்தாள். இத்தனை நாளும் முகம், முகம் என்றே இரண்டுபேரும் பயந்திருந்தார்கள். அவன் அசையாமல், யாரோ அன்னியனின் பேச்சைக் கேட்பதுபோலத் தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தான்.

நாடகம் முடிந்து விளம்பரம் போகும்போது உள்ளறையில் டெலிபோன் அடித்தது. கௌரி போய் எடுத்தாள்.

"டீச்சரோ? நாடகம் நல்லாயிருந்தது. அறைக்குள்ள இருந்து கதைச்சவர் ஆர்?"

"நீங்கள் ஆர் கதைக்கிறது?"

"ஒரு ரசிகர் எண்டு வையுங்கோவன்."

"அது... ரேடியோவில செய்யிற ஒராள். கண்டிப் பக்கம்."

"ஓ. எனக்குப் பழகின குரல்மாதிரிக் கிடந்தது. சரி டீச்சர்." மரியாதையாகத்தான் வைத்தான்.

யாழ்ப்பாணத்துப் பேச்சு. இயக்கத்து ஆளா, பொலிசுக்குக் காட்டிக்கொடுப்பவனா, உண்மையிலேயே ரசிகன்தானா? ஒன்றும் பிடிபடவில்லை. முன்னறைக்கு வந்தபோது யோகநாதனின் நாற்காலி வெறுமையாக இருந்தது. "கடல் பக்கம் போனாரு போல" என்றார் ருக்கியா உம்மா, டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கௌரி கடலுக்கு இறங்கும் ஒழுங்கையால் ஓடினாள். ரயில் பாதையோரம் அவன் நின்றிருந்தான். கோட்டை ஸ்டேஷனிலிருந்து தெஹிவளைப் பக்கம் போகும் ரயில் நெரிசலோடு மெதுவாக வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் போட்ட ஒவ்வொரு யன்னலிலும், வாசலில் தொங்கியவர்களிலும், முகங்கள், முகங்கள். எல்லாம் இந்தப் பக்கமே பார்த்தபடி கடந்தன. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கூப்பிட வாயைத் திறந்தவளுக்கு, அவனுடைய பெயரை அந்த இடத்தில் சத்தமாகச் சொல்ல வரவில்லை. கடைசிப் பெட்டியும் போன பிறகும் அவன் அங்கேயே நின்றான்; தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இருண்டு கிடந்தது.