பதில் தராத எதிர்மனுதாரர்

2002-ஆம் ஆண்டு வக்கீல் ஜான்சி எடுத்த வழக்குகளிலேயே எளிதானது பானு பம்ப்ஸ் வழக்குதான். நகரத்தை அடுத்த சாகணில் தண்ணீர்ப் பம்பு செய்யும் அந்தக் கம்பெனியின் பெயரில் வேறொருவர் இணைய முகவரி பதிவு செய்து வைத்திருந்தார். பக்கத்தைத் திறந்தால் ஒரே ஒரு சொல்: 'விரைவில்'. பதிவு செய்தவர் அதே நகரத்தின் சாங்விப் பகுதியைச் சேர்ந்த கோவிந்தராஜன். நல்ல விலைக்கு விற்கத்தான் பிடித்து வைத்திருக்கிறார் என்றார் கம்பெனி மேனேஜர் சுனில்.

ஜான்சியின் புகார், இணைய முகவரித் தகராறுகளைத் தீர்க்கும் ஜெனிவா அமைப்புக்குப் போனது. கோவிந்தராஜனுக்கு அனுப்பிய கூரியர், கதவு பூட்டியிருப்பதாகத் திரும்பி வந்தது. மின்னஞ்சல்கள் திரும்பவில்லை, பதிலும் இல்லை. 'சொல்ல நியாயம் இல்லாததால்தான் இந்த மௌனம்' என்று எழுதினாள். நடுவர் ஏற்றுக்கொண்டார். முகவரி கம்பெனிக்கு மாறியது.

வாடிக்கையாளர் கடிதம் ஏதும் வருகிறதா என்று பார்க்க, அந்த முகவரிக்கு வரும் மின்னஞ்சலையெல்லாம் சில நாட்களுக்கு ஜான்சியின் ஔந்த் அலுவலகக் கணினிக்குத் திருப்பிவிட்டார் சுனில்.

முதல் நாளே ஒன்று வந்தது, கோவிந்தராஜனுக்கு. 'அனுப்பியவருக்கு, படித்துவிட்டதாகத் தெரிவிக்கலாமா?' என்று கணினி கேட்டது. ஏதோ நினைப்பில் 'ஆம்' என்பதை அழுத்தினாள். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

"என்னங்க, இன்னைக்கு கேஸ் சிலிண்டர் வந்துச்சு. உங்க ஸ்கூட்டரை தம்பி விச்சு கேட்டான், குடுக்கலை. நீங்க போய் ஏழு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரில கடைசியா நான் பேசினது உங்க காதுல விழுந்துச்சா? பானு."

ஜான்சி கோப்பில் தேதியைப் பார்த்தாள். புகார் அனுப்பி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவள் வழக்காடியது இறந்துபோன ஒருவரோடு. பானு அவர் மனைவியின் பெயர். அந்த ஒரு விஷயத்தைச் சொல்ல அவர் இருந்திருந்தால் வழக்கு நின்றிருக்காது.

மறுநாள் வந்தது: "படிச்சீங்கன்னு பதில் வந்துச்சுங்க. நூறு தடவை பார்த்துட்டேன்." அதன்பின் மணிக்கு ஒன்று வந்தது. ஜான்சி எதையும் திறக்கவில்லை. தலைப்பு மட்டும் வரிசையாகத் தெரிந்தது. இருக்கீங்களா. இருக்கீங்களா.

ஞாயிற்றுக்கிழமை சாங்விக்குப் போனாள். கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். அவளுக்குப் பின்னால் கணினித் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"நான் வக்கீல். உங்க ஹஸ்பண்டோட வெப்சைட்டை கம்பெனிக்கு வாங்கிக் குடுத்தது நான்தான்."

பானுவுக்கு ஒன்றும் புரியவில்லை. வடக்கிலேயே வளர்ந்த ஜான்சி தன் தடுமாறும் தமிழில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ, படிச்சேன்னு வந்தது?"

"நான்தான் அமுக்கினேன். கல்தி ஹோ கயி, தப்பாயிடுச்சு. மன்னிச்சிருங்க."

பானு மெல்ல உட்கார்ந்தாள். "காரியத்துக்கு ஊருக்குப் போயிட்டு மூணு மாசம் அங்கேயே இருந்துட்டேன். அதான் கூரியர் வாங்க ஆளில்லை. நான் தைக்கிற பிளவுஸ் டிசைனைப் போடணும்னு என் பேர்ல வாங்கினார். அதுக்குள்ள..."

கணினித் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அஞ்சு நாளா அவர் இருந்தார், மேடம்."

திங்கட்கிழமை முகவரியைத் திருப்பித் தரும்படி ஜான்சி சுனிலிடம் கேட்டாள். கேஸை ஜெயித்துவிட்டோமே என்று அவர் வியந்தார். புது முகவரியோடு டீலர் கடைப் பலகைகள்கூடத் தயாராகிவிட்டனவாம். அன்றே அந்த மின்னஞ்சல் பெட்டியை மூடிவிட்டார். ஜான்சி போனில் சொன்னபோது பானு, "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு பதில் தராத எந்த வழக்கிலும், ஊருக்குள் என்றால் ஜான்சி நேரில் போய்க் கதவைத் தட்டிப் பார்த்தாள்.

அடுத்த மாதம் அலுவலகத்துக்குத் தபாலில் ஒரு உறை வந்தது. கோவிந்தராஜனுக்கு என்று எழுதி, கீழே 'ஜான்சி மேடம் மூலமாக' என்றிருந்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை. திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். மாதம் தவறாமல் ஒன்று வந்துகொண்டிருந்தது.