பெரிய டெய்லரம்மாவின் இடுப்பளவு

என் வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பாருங்கள், எரிவதற்கு வேண்டிய அளவு மிச்சம் இருந்தது.

எனக்கும் தங்கைக்கும் ஒரே வாரத்தில்தான் எடை குறைக்கிற ஆபரேஷன். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் பெரிய டெய்லரம்மா, அவள் சின்ன டெய்லரம்மா. அந்தப் 'பெரிய'வை அவர்கள் இழுக்கிற இழுப்பிலேயே மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். இருவருக்கும் சர்க்கரை, இருவருக்கும் முட்டி வலி, ஒரே டாக்டர். ஆஸ்பத்திரியில் கட்டில்கூட அடுத்தடுத்த கட்டில்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டயட்டீஷியன் அம்மா தன் கையாலேயே எங்கள் இடுப்பை அளந்து குறித்துக்கொண்டார். பிறகு கண்டிப்பாகச் சொன்னார்.

"வீட்டுக்கு எடை மெஷின் வாங்கிடாதீங்க. எடை சில வாரம் அசையாம நிக்கும், மனசு விட்டுப் போயிடும். வாரம் ஒரு தடவை டேப் வெச்சு இடுப்பை அளந்தா போதும். இத்தனை கிலோ குறையணும்னு இலக்கும் வெக்காதீங்க. இப்ப உங்களால செய்ய முடியாத ஒரு காரியத்தைச் சொல்லுங்க. அதுதான் இலக்கு."

தங்கை யோசிக்கவே இல்லை. "தரையில மண்டி போட்டு, கவுனோட கீழ் மடிப்புக்குக் குண்டூசி குத்தணும் மேடம். இப்பல்லாம் கஸ்டமரை ஸ்டூல் மேல ஏத்தி நிக்க வெக்கிறேன். அவங்க பயந்து சாகறாங்க."

நான், "மூச்சு வாங்காம மாடிப்படி ஏறணும்" என்றேன். பச்சைப் பொய். என் இலக்கு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. இவளைவிட ஒரு இன்ச்சாவது கூடக் குறைந்து காட்ட வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டிரையல் ரூமுக்குள் அவள் என்னை அளப்பாள், நான் அவளை அளப்பேன். கடையில் அளவெடுப்பது எப்போதும் அவள் வேலை. எனக்கு மூக்கு மேல் கோபம். 'கொஞ்சம் லூசா, இல்லல்ல, கொஞ்சம் டைட்டா' என்று யாராவது இழுத்தால் டேப்பைத் தூக்கி வீசிவிட்டு மெஷினுக்குப் போய்விடுவேன். அதனால் வெட்டுவதும் தைப்பதும் நான், டேப் அவள் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அவள் அளக்கும்போது நான் கையைத் தூக்கிக்கொண்டு மின்விசிறியையே பார்த்திருப்பேன். குனிந்து பார்க்கத் தைரியம் வராது. அவள் அளவைச் சொல்லிவிட்டு, கதவின் பின்பக்கம் சாக்குக்கட்டியால் எழுதுவாள்.

முதல் மாதத்தில் அவள் மூன்று இன்ச் குறைந்திருந்தாள். நான் ஒன்று.

"ஒருத்தருக்கொருத்தர் முன்ன பின்ன இருக்கும்க்கா" என்றாள். அந்தக் குரலில் இருந்த கருணையைக் கேட்டதும் கத்தரிக்கோலை எடுக்கலாமா என்று தோன்றியது.

போதாக்குறைக்கு எதிர்க்கடை மருந்துக்காரர் வேறு. பேன்ட்டைச் சுருக்க வந்தவர், தங்கையைப் பார்த்து வாயைப் பிளந்தார். "என்னம்மா, ஆளே அடையாளம் தெரியலையே! சுத்திப் போடச் சொல்லு, கண்ணு பட்டுடும்."

மெஷினில் உட்கார்ந்திருந்த நான் ஒருத்தி இருப்பதே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் பேன்ட்டை எவ்வளவு சுருக்கக் கூடாதோ அவ்வளவு சுருக்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து நானும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். புரோட்டீன் பவுடரைக் கரைத்துக் கழுவுதொட்டியில் ஊற்றினேன். அவித்த முட்டையைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன். "சாப்பிட்டியாக்கா?" என்று அவள் கேட்டால் ஏப்பம்கூட விட்டுக் காட்டினேன். தண்ணீரும் சூப்பும் மட்டும். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. ஒருநாள் பட்டனுக்குக் காஜா எடுக்கும்போது கண் இருட்டி, ஊசி விரலில் ஏறியது. போனால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்படியும் அடுத்த ஞாயிறு கதவில் அவள்தான் முன்னால் நின்றாள். வயிறு பற்றி எரிந்தது. அவள் மண்டி போட்டுக் குண்டூசி குத்திய அன்று கஸ்டமர் கைதட்டினார், நான் நூல் அறுந்துவிட்டதாகக் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டயட்டீஷியன் அம்மா என் இடுப்பில் டேப்பை வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடியும் வைத்தார்.

"வீட்டுல எவ்வளவு வந்துச்சு?"

சொன்னேன். முந்தின நாள்தான் அளந்தோம்.

"அதைவிட மூணு இன்ச் கம்மியா இருக்கே! நீங்க ரொம்ப வேகமா இறங்கியிருக்கீங்க. இது கொழுப்பு மட்டும் கரையுற வேகம் இல்ல, தசையும் கரையுது. உண்மையைச் சொல்லுங்க, சாப்பிடறீங்களா?" அவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "இப்படியே போனா நான் உங்களைப் படுக்கையில போட்டு டிரிப்ஸ் ஏத்த வேண்டி வரும். இதயத்தையே பாதிக்கும். விளையாட்டு இல்ல."

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

வெளியே நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்து முறுக்கினேன். "எப்படிடி மூணு இன்ச் வித்தியாசம்?"

"முதல்ல பழக்கதோஷம்க்கா. கஸ்டமருக்கு லூஸ் விடற மாதிரி, டேப்புக்குள்ள ரெண்டு விரலை விட்டு அளந்துட்டேன். கொஞ்ச வாரம் கழிச்சுதான் எனக்கே உறைச்சுது."

"அப்ப சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொல்லல." அவள் குரல் உள்ளே போனது. "மூணாவது விரலையும் விட்டேன்."

அடிப்பாவி! என் கை தானாக ஓங்கியது. அவள் நகரக்கூட இல்லை.

"நீ சாப்பிடாம கிடக்கறேன்னு சத்தியமா தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கால்ல விழுந்திருப்பேன்." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கடைக்கு வர்ற ஒவ்வொருத்தரும் உன் தையலைத்தான் கேட்டு வராங்க. நான் வெறும் டேப் புடிக்கிறவ. நீ லீவு போட்ட நாள்ல வந்து என்னைப் பாத்தா, 'அக்கா எப்ப வருவாங்க'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிடறாங்க. ஒரே ஒரு விஷயத்துலயாவது உன்னை முந்தணும்னு இருந்துச்சு."

ஓங்கிய கை எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. எனக்குக் கோபம் வர வேண்டும். இவளால் நான் செத்திருப்பேன். ஆனால் மானங்கெட்ட மனசு, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. இத்தனை வருஷம் நான் மட்டும்தான் வெந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என்னைப் பார்த்து, இந்த என்னைப் பார்த்து, ஒருத்தி வயிறெரிந்திருக்கிறாள்!

அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்து, தன் பங்கு முட்டையை என் மடியில் வைத்தாள். "தின்னுக்கா. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைப் பாத்துப் பொறாமைப்படறது?"

நான் ஒரு சின்னத் துண்டு கடித்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு ருசி தெரிந்தது.

"சரி, மூக்கைத் துடை" என்றேன். "யார் யார் என் தையலைப் பத்தி என்னென்ன சொன்னாங்க? ஒண்ணு விடாம சொல்லு. பாதியில நிறுத்தினா நானும் முட்டையைப் பாதியிலயே நிறுத்திடுவேன்."