ஆறு மாசக் கிளி

கீழக்குயில்குடியில் மலையாண்டி, காசிமாயன் என்று அண்ணன் தம்பி இருவர். அவர்கள் குடும்பத்தில் ஒரு கிளி இருந்தது. அதற்குப் பசி கிடையாது, பறக்கத் தெரியாது, ஆனால் தலையாட்டினால் ஊரே சிரிக்கும். பழைய காலத்துச் சிவப்புக்கல் பதக்கம் அது. நடுவில் மெல்லிய கம்பிச் சுருள், அதன் மேல் கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு தங்கக் கிளி. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தால் அடிக்கு ஓர் ஆட்டம் ஆடும். பெண்கள் அதனிடம் குறி கேட்பார்கள். மழை வருமா, மச்சான் வருவாரா, பிறப்பது ஆணா என்று கேட்டுவிட்டு மூன்று அடி நடக்க வேண்டும். கிளி தலையாட்டினால் ஆமாம் என்று அர்த்தம். நடந்தால் ஆடாமல் என்ன செய்யும்? ஆகவே அந்தக் கிளி இன்றுவரை ஒருத்தியிடமும் இல்லை என்று சொன்னது கிடையாது. இது தெரிந்தேதான் எல்லோரும் கேட்டார்கள்.

அண்ணன் தம்பியைப் பெற்றவள் கண் மூடியபோது நிலத்தைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள், கிளியைப் பிரிக்க முடியவில்லை. கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைத்துப் பழகிய ஊர், கிளிக்கும் முறை வைத்துவிட்டது. தை முதல் ஆனி முடிய மலையாண்டி மனைவி ராமக்காளுக்கு. ஆடி முதல் மார்கழி முடிய காசிமாயன் மனைவி முத்துத்தாய்க்கு. ஆளுக்கு ஆறு மாதம், யாருக்கும் குறையில்லை என்று சொல்லிப் பெரிய மனிதர்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள்.

நகை போட்டு அறியாதவர்கள் வைத்த முறை அது. தையில் பொங்கல், மாசியில் குலசாமி, சித்திரையில் அழகர், வைகாசியில் வீதிக்கு ஒரு கல்யாணம். அத்தனையையும் கிளி மூத்தவள் கழுத்தில் இருந்தபடி பார்த்தது. இளையவளிடம் வந்த பிறகு அது பார்த்ததெல்லாம் ஆடிக் காற்றின் புழுதி, ஐப்பசியில் ஒழுகும் கூரை, மார்கழிப் பனியில் சாணிக் கூடை. இடையில் ஒரே ஒரு தீபாவளி, அதுவும் பாதி மழையில் போய்விடும். முத்துத்தாய்க்குக் கல்யாணமாகி நாலு வருஷம். வயிற்றிலும் ஒன்றும் தங்கவில்லை, கழுத்திலும் திருவிழா நாளில் ஒன்றும் இல்லை. முதலாவதற்கு அவளால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதற்கு ஒரு வழி இருப்பதாகத் தோன்றியதுதான் வினை.

தாது வருஷம். பஞ்சத்துத் தாது அல்ல, அதற்கு அறுபது வருஷம் கழித்து வந்தது. தை முதல் தேதி பொங்கல் பானை இறங்கியதும், ராமக்காள் வழக்கம்போல முற்றத்தைத் தாண்டி வந்து கையை நீட்டினாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம்.

"தை பொறந்துருச்சு தாயி. எம் முறை. குடு" என்றாள் சிரித்துக்கொண்டே.

கிளியின் சுருள் கம்பி அறுந்துபோய்விட்டது, மதுரையில் அழகுமலை ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன் என்றாள் முத்துத்தாய். பொய் அத்தனை சுலபமாக வாயிலிருந்து இறங்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. ராமக்காள் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆசாரியிடம் கொடுத்த நகை நாளைக்கு வா, மறுநாள் வா என்று இழுப்பது ஊர் உலகத்தில் உள்ளதுதானே. "பத்திரமா வந்து சேந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுக் கரும்பு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முத்துத்தாய் நினைத்தது இவ்வளவுதான். சித்திரையில் தல்லாகுளத்தில் இருக்கும் அத்தை பாண்டியம்மாள் வீட்டுக்குப் போவது. அழகரை எதிர்கொண்டு அழைக்கிற அந்த ஒரு நாள், தெரிந்த முகம் இல்லாத கூட்டத்தில், கிளியைப் போட்டுக்கொண்டு நிற்பது. திரும்பி வந்து, ஆசாரி கொடுத்துவிட்டார் என்று ராமக்காள் அக்காவிடம் ஒப்படைத்துவிடுவது. ஒரு நாள் ஆசை. இதற்குப் போய்ச் சாமி கண்ணைக் குத்திவிடுமா என்று தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டாள்.

ஆனால் மூன்று மாதம் கிளியை எங்கே ஒளிப்பது? ஒரே முற்றம், அக்கா வீட்டுப் பிள்ளைகளும் மாமன் மச்சானும் புகுந்து புறப்படும் வீடு. குதிரில் வைத்தால் நெல் அள்ளுவார்கள், பானையில் வைத்தால் பருப்பு எடுப்பார்கள். யோசித்து யோசித்துக் கடைசியில் மஞ்சள் துணியில் ஒரு காசோடு சேர்த்துக் கிளியை முடிந்து, சாமி மாடத்தில் வைத்தாள். நேர்ந்து முடிந்த முடிச்சை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். அது அழகர் சொத்து. அவளுடைய சாமர்த்தியத்தை அவளே மெச்சிக்கொண்டாள், பாவி.

மாசியில் ஒருநாள் ராமக்காள் கண்ணில் முடிச்சு பட்டுவிட்டது. என்ன நேர்ச்சை என்று கேட்டாள். முத்துத்தாய்க்கு அந்த நேரத்தில் வேறொன்றும் வரவில்லை, பிள்ளைக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். ராமக்காளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, அழகர் கைவிட மாட்டார் என்று முத்துத்தாயின் கன்னத்தைத் தடவினாள். நகையை ஒளித்தது போதாதென்று, பிறக்காத பிள்ளையையும் சாமியையும் பொய்க்குச் சாட்சியாக இழுத்துவிட்டோமே என்று முத்துத்தாய் தவித்தாள். இப்போதே அவிழ்த்துக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு முறை மாடத்தண்டை போனாள். இன்னும் இரண்டே மாதம் என்று இரண்டு முறையும் திரும்பி வந்தாள்.

சித்திரை வந்தது. தல்லாகுளத்துக்குக் கிளம்ப வேண்டிய நாள் காலையில் முத்துத்தாய் வீட்டுக்குத் தூரமானாள். மாட்டுக் கொட்டத்தை ஒட்டிய சாய்ப்பில் மூன்று நாள் தனியே உட்கார வேண்டும். கோயில் குளம் கிடையாது, திருவிழா கிடையாது, சொந்த வீட்டுச் சாமி மாடத்தைக்கூடத் தொட முடியாது. ஆசை போனதற்கும் அழுதாள், இந்த மாதமும் வயிறு ஏமாற்றியதற்கும் அழுதாள். ராமக்காள்தான் இரண்டு வீட்டுக்கும் பொங்கிப்போட்டாள். மறுநாள் விடிவதற்கு முன்னே வண்டி பூட்டிக்கொண்டு மலையாண்டி குடும்பம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போனது.

பொழுது சாயும் நேரத்தில் ராமக்காள் திரும்பினாள். வெயிலில் முகம் கறுத்து, காலெல்லாம் வைகை மணல். நேரே சாய்ப்புக்கு வந்து, தள்ளி நின்றபடியே ஓர் இலையில் பொரிகடலையை வைத்து நகர்த்தினாள்.

"ஒனக்கு ஒரு வேல பாத்துட்டு வந்துருக்கேன்டி. ஒம் முடிச்ச நானே எடுத்துட்டுப் போயி அழகரு உண்டியல்ல போட்டுட்டேன். திருவிழாவத் தாண்டி நேத்திக்கடன வீட்ல வச்சிருக்கக் கூடாது. அந்தக் கூட்டத்துல உண்டியல் வண்டிகிட்டப் போக முடியல. இடிபட்டு மிதிபட்டுத்தான் போட்டேன். எம் மகளுக்குக்கூட ஒண்ணும் கேக்கல. முத்துத்தாய்க்கு ஒரு உசுரக் குடு சாமின்னு அத மட்டுந்தான் கேட்டேன்."

முத்துத்தாய் இலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாய் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ராமக்காள் போய்விட்டாள். உண்டியலில் விழுந்தது விழுந்ததுதான். திருப்பிக் கேட்கிற நாக்கு மதுரைச் சீமையில் யாருக்கும் கிடையாது. தன் கிளியைத் தன் கையாலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ஏமாற்றியவளுக்காக வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள் அக்கா. முத்துத்தாய் அந்தப் பொரிகடலையை வாயில் போடவும் இல்லை, கீழே கொட்டவும் இல்லை. மூன்றாம் நாள் தலைமுழுகும் வரை மடியிலேயே வைத்திருந்தாள்.

அன்றே சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். நாளைக்குச் சொல்லலாம், மறுநாள் சொல்லலாம் என்று, தான் சொன்ன பொய்யில் வந்த ஆசாரியைப் போலவே அவளும் தவணை சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் வைகாசியில் ராமக்காள் மகள் சோலையம்மாளுக்குக் கல்யாணம் குறித்தாகிவிட்டது. பெண் கழுத்தில் கிளி ஏற வேண்டும் என்று மலையாண்டி தானே மதுரைக்கு நடந்தார்.

தெற்காவணி மூல வீதியை ஒட்டிய சந்தில் பட்டறை வைத்திருந்தார் அழகுமலை ஆசாரி. தன்னிடம் யாரும் எதையும் தரவில்லை என்றார். மலையாண்டி சத்தம் போட்டார். அந்தச் சுருள் கம்பி தன் பாட்டன் கையால் முறுக்கியது, நூறு வருஷம் ஆட்டினாலும் அறாது, அது அறுந்ததென்று சொன்னவர்களைப் போய்க் கேளுங்கள் என்று ஆசாரியும் விடவில்லை. விஷயம் ஊருக்கு வந்தது. ஆசாரி கிளியை உருக்கிவிட்டார் என்று நான்கு பேர் பேசினார்கள், நாற்பது பேர் நம்பினார்கள். அவரிடம் தாலிக்குப் பொன் கொடுத்திருந்தவர்கள் போய்த் திரும்ப வாங்கினார்கள். முத்துத்தாய் ஒவ்வொன்றையும் காதால் கேட்டாள். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று புருஷனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள்.

முடிவில் சத்தியத்துக்கு வந்து நின்றது. மலையடிவாரத்தில், தாமரைக் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கருப்பசாமி முன்னால் சூடம் ஏற்றி, கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் வம்சத்தைக் கருப்பு பார்த்துக்கொள்ளும். ஆசாரி நனைந்த வேட்டியோடு வந்தார். கிளி தன் கைக்கு வரவில்லை என்று சொல்லி ஒரே அடியில் சூடத்தை அணைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

எல்லோரும் முத்துத்தாய் பக்கம் திரும்பினார்கள். கொடுத்தேன் என்று சொன்னவள் அவள்தானே. புதுச் சூடம் ஏற்றினார்கள். அவள் ஓர் அடி பின்னால் போனாள்.

ராமக்காள் முன்னால் வந்தாள்.

"அவ வேணாம்ய்யா. புள்ளைக்கு நேந்த முடிச்ச உண்டியல்ல போட்டு இன்னும் ஒரு மாசங்கூட ஆகல. அவள எதுக்குச் சூடத்துக்கிட்ட நிறுத்துறீக? அவ பொய் சொல்ல மாட்டா, எனக்குத் தெரியும். அவளுக்காக நான் அணைக்கிறேன்."

சொல்லிக்கொண்டே கையை ஓங்கிவிட்டாள். அந்தக் கை இறங்கினால் பொய் அவளுடையதாகிவிடும். பழி அவளுக்கு, அடுத்த வாரம் மணையில் உட்காரப்போகும் அவள் மகளுக்கு.

முத்துத்தாய் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். சூடத்தை அணைக்கவில்லை, அணைக்கவும் விடவில்லை. எரியும் சூடத்துக்கு முன்னால் அக்காவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஆசாரியிடம் கொடுக்கவில்லை. ஒளித்துவைத்தேன். மஞ்சள் முடிச்சில் வைத்தேன்.

"நேத்திக்கடனே கெடையாதுக்கா. முடிச்சுக்குள்ள ஒன் கிளிதான் இருந்துச்சு."

ராமக்காள் கையை மெல்ல உருவிக்கொண்டாள். காசிமாயன் அடிக்க வந்ததை யாரோ தடுத்தார்கள். கோயிலில் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம் என்று மலையாண்டி ஆரம்பித்தார். போட்டது போட்டதுதான், கேட்டது கேட்டதுதான் என்று ராமக்காள் அடக்கிவிட்டாள். முத்துத்தாய் ஆசாரியின் காலில் விழுந்தாள். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "எந்திரு தாயி. கம்பி அந்துருச்சுன்னு மட்டும் இனி யாருகிட்டயும் சொல்லாத" என்றார். ராமக்காள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றோடு முத்துத்தாயிடம் பேச்சை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

சோலையம்மாள் கழுத்தில் கிளி இல்லாமலே தாலி ஏறியது. முத்துத்தாய் கல்யாண வீட்டின் பின்கட்டில் பாத்திரம் விளக்கினாள். யாரும் விளக்கச் சொல்லவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

அழகர் விளையாட்டைப் பாருங்கள். ஆடி பிறக்கும்போது முத்துத்தாய்க்கு நாள் தள்ளியிருந்தது. ஊர் சந்தோஷப்பட்டது, காசிமாயன் கோபத்தை மறந்தான். அவளால்தான் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. இது அக்கா இடிபட்டு மிதிபட்டு, தன் கிளியைக் கொடுத்து வாங்கிய உயிர். தனக்கு இதில் என்ன பாத்தியதை இருக்கிறது என்று வயிற்றைத் தொடும்போதெல்லாம் நினைத்தாள். அந்த வருஷத் தை முதல் தேதியில், ஏழு மாத வயிற்றோடு வாசலிலேயே நின்று பார்த்தாள். முற்றத்தைத் தாண்டி யாரும் வரவில்லை.

பங்குனியில் பிறந்தது ஆண். பெரியம்மா வந்து பார்க்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயமருந்து மட்டும் ஆள் மூலம் வந்தது. பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முற்றத்தின் நடுக்கோடு வரை போனது. ஒவ்வொரு முறையும் முத்துத்தாய் ஓடிப்போய்த் தூக்கி வந்தாள். அந்தப் பக்கம் போக அதற்குத் தகுதி உண்டு, தனக்குத்தான் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த தை வந்தது. பொங்கல் பானையை இறக்கிவிட்டு, முத்துத்தாய் பத்து மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரில் ராமக்காள் நின்றுகொண்டிருந்தாள். இருபது மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக முற்றத்தைத் தாண்டி வந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கை மட்டும் பழையபடி நீண்டிருந்தது.

"தை பொறந்துருச்சு" என்றாள் ராமக்காள். "எம் முறை. குடு."

முத்துத்தாய்க்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் ஏது? இடுப்பிலிருந்து பிள்ளையை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். ராமக்காள் அவனைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "பெரியாத்தா வீட்டுக்கு வாரியாடா?" என்று கேட்டுவிட்டுத் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். ஓர் அடி, இரண்டு அடி, மூன்றாவது அடியில், அவள் தோளுக்கு மேலாகப் பிள்ளை தலையாட்டுவது முத்துத்தாய்க்குத் தெரிந்தது.