குப்பி சிவந்த வாரம்

சோதனைக் குப்பியில் மீன்தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்து விட்டுக் குலுக்கினால், நல்ல தண்ணீர் வெளிர்மஞ்சளாக நிற்கும். அந்த வாரம் தொட்டியைப் பராமரிக்கும் திருமலைக்கு மஞ்சளைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஆரஞ்சில் ஆரம்பித்து, தினமும் சாயம் ஏறி, ஒரு காலையில் செங்கல் மாதிரிச் சிவந்துவிட்டது. நைட்ரேட் ஏறிவிட்டது என்று அர்த்தம். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அழுகிக் கடைசியில் தண்ணீரில் தங்குவது அது. மீன் ஓரளவு தாங்கும், பவளம் தாங்காது. பவளங்கள் ஏற்கெனவே சுருங்கிப் பழுப்பேறிக் கிடந்தன.

திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஹரிபாபுவின் ஓட்டல் வரவேற்பறையில், ஆள் உயரத்துக்கு நின்றது அந்தத் தொட்டி. சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலை வைத்துச் சம்பாதித்தவர் ஹரிபாபு. சிங்கப்பூர் போன இடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, மலை ஏறுகிறவனெல்லாம் முதலில் என் ஓட்டலில் கடலைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கிளம்பிவிட்டார். ஆசைக்கு ஒரு அளவு வேண்டாமா? கடல் எங்கே, திருப்பதி எங்கே? ஆனால் அந்த அளவில்லாத ஆசையால்தான் திருமலைக்கு ஊர் திரும்ப வழி பிறந்தது.

சத்தியவேடு பக்கத்தில் ஒரு கிராமம். சொந்தமாகச் சாண் நிலம் இல்லாத குடும்பம். தம்பிகள் ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஏறினார்கள். மூத்தவன் திருமலை மஸ்கட்டுக்கு விமானம் ஏறி, அங்கே ஒரு வணிக வளாகத்தில் கடல் தொட்டி பராமரிக்கக் கற்றுக்கொண்டான். கல்யாணமான கையோடு போனவன், யமுனாவோடு குடும்பம் நடத்தியதெல்லாம் போனில்தான். இப்போதுதான் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அவளும் அதே ஓட்டலில் மாடிப்படி துடைக்கிறாள்.

“ஏமய்யா திருமலை, உகாதிக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா தொட்டிய எடுத்துட்டு அங்க பெரிய டிவி மாட்டிடுவேன். டிவி சாவாது” என்று ஹரிபாபு சொல்லிவிட்டார். உகாதி கிட்டத்தில் வந்துவிட்டது.

அன்று வீட்டில் திருமலை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: “தொட்டி போச்சுன்னா மறுபடி மஸ்கட்டுதான்.”

“தொட்டிக்கு இன்னா ஆச்சு மாமா?”

“சொன்னா உனுக்குப் புரியாது.”

அவள் அழவில்லை. சில நாளாகவே விடிந்ததும் கோதுமை மாவில் மஞ்சள் சேர்த்துப் பிசைந்து உருட்டுகிறவள், மறுநாள் இன்னும் நிறைய உருட்டினாள். எதற்கு என்று அன்றுதான் கேட்டான். “மீனுங்களுக்கு. கோயில் கோனேருல போட்டா கஷ்டம் தீரும்னு வேண்டிக்கினேன்.”

“போடு, போடு. அந்த மீனுங்களாவது நல்லா துன்னட்டும்” என்று சிரித்தான். கோனேரு என்றால் அங்கே கோயில் குளம்.

அவன் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்தான். வடிகட்டிய தண்ணீரில் கடலுப்பு கலந்து பழைய தண்ணீரை மாற்றினான். பஞ்சைக் கழுவினான். அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியைக் கழற்றி மாட்டினான். மீன்களுக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்தான். குப்பி அசைந்து கொடுக்கவில்லை. அரைப்பட்டினி கிடக்கிற மீன்கள் எப்படி இவ்வளவு அழுக்கு பண்ணும்? யாரோ எதையோ போடுகிறார்கள் என்ற சந்தேகம் அவனைப் பிடித்துக்கொண்டது.

சந்தேகம் வந்தவனுக்கு ஆள் கிடைக்காமல் போகுமா? வரவேற்பறையைப் பெருக்கும் ரங்கையா, தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் டிபன் தின்பார். தரையில் ஓர் இட்லித் துணுக்கு கிடந்தது. போதாதா? திருமலை அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஹரிபாபுவின் மேஜை மேல் வைத்தான்.

“நான் ஏம்பா போடப் போறேன்? எனுக்குத் துன்னவே பத்தல” என்றார் ரங்கையா. ஹரிபாபு காதில் வாங்கவில்லை, வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ரங்கையா தன் பையை எடுத்துக்கொண்டு போய்ப் பின் கேட்டருகே உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குப் போகவும் இல்லை.

அன்று மதியமே விபரீதம் வந்தது. தொட்டியின் நடுப்பாறையில் விரல்களை விரித்தாற்போல் ஒட்டியிருக்கும் அனிமோன் என்ற கடலுயிர், கெட்ட தண்ணீர் பொறுக்காமல் பாறையை விட்டுவிட்டு மிதக்கத் தொடங்கியது. நீரோட்டம் அதை மெல்ல மோட்டாரின் வாய்க்குத் தள்ளிக்கொண்டு போனது. அரைபட்டால் அதன் விஷம் கலந்து சாயங்காலத்துக்குள் தொட்டியில் ஓர் உயிர் மிஞ்சாது. மொட்டைத் தலைகளும் பெட்டிகளுமாக நின்ற யாத்திரிகர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஹரிபாபுவும் எழுந்து வந்துவிட்டார்.

திருமலை மோட்டாரை நிறுத்தினான். அதிக நேரம் நிறுத்தவும் முடியாது. நீரோட்டம் இல்லாமல் மீன்களுக்கு மூச்சு முட்டும். ஏணியில் ஏறி, தோள் வரைக்கும் கையை விட்டான். அனிமோனில் குடியிருக்கும் கோமாளி மீன்கள் தங்கள் வீட்டைத் தூக்குகிறான் என்று அவன் கையைக் கொத்தின. அனிமோன் இரண்டு தரம் நழுவி, மூன்றாம் தரம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அதைத் துளைகள் உள்ள பிளாஸ்டிக் கூடையில் விட்டு, கூடையைத் தண்ணீருக்குள்ளேயே பாறை இடுக்கில் செருகப் போனபோது, பாறைக்குப் பின்னால் விரல்களில் கொழகொழவென்று ஏதோ பட்டது. அள்ளி வெளியே எடுத்தான்.

புளித்த வாடை. மாவு. மஞ்சள் கலந்த மாவு.

நிமிர்ந்தான். தொட்டிக்குப் பின்புறம் மாடிப்படி. அங்கிருந்து கையை நீட்டினால் தொட்டியின் மூடி எட்டும். அந்தப் படியில் துடைப்பத்தோடு யமுனா நின்றிருந்தாள். அவன் கையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

“ஏமி அது?” என்று கீழிருந்து கேட்டார் ஹரிபாபு.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ரங்கையா போய்விடுவார், யமுனாவிடம் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், குப்பி தானாக மஞ்சளாகிவிடும். திருமலை விரல்களை மூடிக்கொண்டான். ஆமாம், மூடிக்கொண்டான். “பாசி சார்” என்றான். மூடிய கையிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஏணியில் சொட்டியது.

“பாசி இல்ல சார். மாவு. நாந்தான் போட்டேன்” என்றாள் யமுனா. படியிறங்கி வந்தாள். “காலைல ஷிப்ட்டு மாத்திட்டீங்க, கோனேருக்குப் போவ நேரமில்ல. இதுவும் மீனுதானே, இதுவும் தண்ணிதானேன்னு இங்கயே போட்டுக்கினு இருந்தேன். நாளுக்கு நாள் இவுரு மொகம் வாடிச்சு. வேண்டுதல் பத்தலன்னு இன்னும் நெறைய போட்டேன். இவுரு மறுபடி மஸ்கட் போவக்கூடாது சார், அவ்ளோதான். ரங்கையாண்ணன் மேல தப்பு இல்ல.”

சனிக்கிழமை தவறாமல் மலை ஏறுகிறவர் ஹரிபாபு. வேண்டுதலைத் திட்ட வாய் வரவில்லை. “அம்மா, நாளைலேருந்து நீ வரவேணாம்” என்றார். பிறகு ஏணியில் நின்ற திருமலையைப் பார்த்து, “காரணம் தெரிஞ்சுபோச்சில்ல? தொட்டி இருக்கட்டும். நீ இரு. ரங்கையாவ வரச் சொல்லு.”

திருமலை மோட்டாரைப் போட்டுவிட்டு, மீதி மாவையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, பின் கேட்டுக்குப் போனான். “ரங்கையாண்ணா, தப்பு எங்கூட்டுதுதான். மன்னிச்சுடுங்க.”

ரங்கையா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இங்கிருந்தே எல்லாம் கேட்டுச்சு. உம் பொண்டாட்டி சொன்னா. நீ சொல்லல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திருமலைக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

சாயங்காலம் குப்பி சிவப்பிலிருந்து ஒரு சாயம் இறங்கியிருந்தது. வேலை போன யமுனாவோ, வேலை கிடைத்தவள் மாதிரி நடந்தாள். “வேண்டுதல் பலிச்சிட்ச்சு மாமா. நீ இருக்கலாம்னு அவுரே சொல்லிட்டாரு. வா, கோனேருக்குப் போவலாம்.”

அவன் மறுக்கவில்லை. மறுக்க அவனுக்கு இன்று என்ன யோக்கியதை இருக்கிறது?

குளத்தின் கடைசிப் படியில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து உருண்டையை எடுத்தவள், ஓங்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டாள். “மாமா, இதுல போட்டா இந்தத் தண்ணியும் கெட்டுப்போவுமா?”

கெடும். எந்தத் தண்ணீராக இருந்தாலும் கெடும். தொட்டிக்கு என்ன ஆச்சு என்று அவள் அன்றைக்கே கேட்டாள். புரியாது என்று வாயை அடைத்தவன் அவன்தான். திருமலை அந்த உருண்டையை வாங்கி, நகத்தால் கிள்ளி, அரிசி அளவுக்கு ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டான். மீன் ஒன்று வந்து கவ்வியது. யமுனா அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.

“இரு” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “அது துன்னு முடிக்கட்டும். ஏன்னு சொல்றேன், கேளு.”